வேக வரம்பை அவிழ்த்துவிட்ட வண்டியும் பெற்றோரின் பொறுப்பும்

பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கோ, பள்ளிக்கூடத்துக்கும் மக்தபுக்கும் டியூஷனுக்குமாக அலையும் மகனுக்கோ ஒரு சிறிய மின் ஸ்கூட்டரை வாங்கிக் கொடுப்பது நம் குடும்பங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. பதிவு எண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பெட்ரோல் செலவு இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் வாப்பாவுக்கு, பிள்ளைகளைக் கொண்டு விடவும் அழைத்து வரவும் ஆட்டோவைத் தேட வேண்டியதில்லை என்ற நிம்மதி. உம்மாவுக்கும் கடைத்தெரு, மருத்துவமனை, உறவினர் வீடு என்று யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிகிறது. இவையனைத்தும் நல்லவையே.

ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே அடுத்த பேச்சு தொடங்கிவிடுகிறது. வண்டி 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக மறுக்கிறது; சைக்கிளில் செல்பவர்கள்கூட முந்திச் செல்கிறார்கள்; தோழியின் வண்டி நாற்பதைத் தாண்டுகிறது. பின்னர் யாரோ ஒருவர் வழி சொல்கிறார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் அந்த ‘லாக்’கை எடுத்துவிடுவார் என்கிறார். சில இடங்களில் இதற்கு மெக்கானிக்கும் தேவைப்படுவதில்லை. வண்டியை விற்கும்போதே கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேண்டுமென்றால் திறந்து தருகிறோம் என்கிறார்.

இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம், நம்மில் பெரும்பாலோர் இதை ஒரு தவறாகவே எண்ணுவதில்லை என்பதுதான். வங்கிக் கணக்கில் சேர்ந்த வட்டியை என்ன செய்வது என்று ஆலிமிடம் போய்க் கேட்பவர், மிட்டாயில் ஜெலட்டின் கலந்திருக்கிறதா என்று உறையைத் திருப்பிப் படிப்பவர், மகளின் வண்டியில் வேக வரம்பை அவிழ்க்க ஒரு நொடியும் தயங்குவதில்லை. ஹலால், ஹராம் என்ற எண்ணமே அந்தப் பக்கம் போவதில்லை. கைப்பேசிக்குப் புதிய உறை போடுவதைப் போன்ற ஒரு சில்லறை வேலையாக அது கருதப்படுகிறது.

முதலில், அந்த 25 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். அது வண்டியைத் தயாரித்தவர் விருப்பம்போல வைத்த எண் அன்று. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன்படி, மின்கலத்தில் ஓடும் ஓர் இருசக்கர வண்டியின் மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதன் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், மின்கலத்தை நீக்கிய எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால், சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனமே அன்று. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையம் ஒன்று அந்த மாதிரியைச் சோதித்துச் சான்றளிக்கிறது. அந்தச் சான்றின் பேரில்தான் பதிவும் உரிமமும் காப்பீடும் இல்லாமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை அதைச் சாலையில் ஓட்ட முடிகிறது. வேகமாகப் போக மாட்டேன் என்று அந்த வண்டி கொடுக்கும் வாக்குறுதிக்கு ஈடாகவே இத்தனை சலுகைகளும் அளிக்கப்பட்டிருக்கின்றன. வாக்குறுதியை மட்டும் நீக்கிவிட்டுச் சலுகைகளை வைத்துக்கொள்வதுதான் ‘லாக் எடுப்பது’ என்பதன் உண்மைப் பொருள்.

இனி, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? இத்தகைய வண்டிகளில் மோட்டார் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவிலேயே அமைந்திருக்கும். இருக்கைக்கு அடியிலோ கால்வைக்கும் தட்டுக்கு அடியிலோ ‘கன்ட்ரோலர்’ என்னும் சிறு பெட்டி ஒன்று இருக்கும். கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும், மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பெட்டியே. சில வண்டிகளில் வேக வரம்பு அதன் மென்பொருளில் இருக்கும். மலிவான பலவற்றில் ஒரு சிறு கம்பி இணைப்பாக இருக்கும். அதைப் பிரித்துவிட்டால் வரம்பு நீங்கிவிடும். அதுவும் போதாது என்பவர்கள் அதிக ஆம்பியர் தாங்கும் வேறு கன்ட்ரோலரை மாட்டுகிறார்கள். இன்னும் சிலர் கூடுதலாக ஒரு மின்கலத்தை வரிசையில் இணைத்து, 48 வோல்ட்டை 60 ஆக்குகிறார்கள். இவ்வகை மோட்டாரில் வோல்ட் உயர்ந்தால் வேகமும் உயரும் என்பதால் வண்டி உடனே துள்ளிப் பாய்கிறது. வாங்கியவருக்கு மகிழ்ச்சி, மெக்கானிக்குக் கூலி.

கவனித்துப் பாருங்கள்: இத்தனையிலும் பிரேக்கை யாரும் தொடவில்லை. சக்கரத்தையும் தொடவில்லை, சட்டத்தையும் தொடவில்லை. அறுபது கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக மெலிந்த குழாய்களால் செய்யப்பட்ட உடல், சிறிய சக்கரங்கள், 25 கிலோமீட்டர் வேகத்தை நிறுத்தப் போதுமான டிரம் பிரேக்குகள் ஆகிய எல்லாமே பழைய வேகத்துக்காக அமைந்தவை. இப்போது அவை 45 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கியாக வேண்டும். மோட்டாரின் நிலையும் அப்படித்தான். சுருளில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால், அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பிகளின் மேலுறை இளகுவதும், இணைப்புகள் கருகுவதும், மின்கலம் சில மாதங்களிலேயே சோர்ந்துபோவதும் இதன் விளைவுகளே. ஒரே சார்ஜில் வண்டி ஓடும் தூரமும் குறைந்துவிடும். உத்தரவாதக் காலத்துக்குள் கொண்டுபோனாலும், கன்ட்ரோலரைப் பிரித்த தடத்தைக் கண்டவுடன் நிறுவனம் கைவிரித்துவிடும்.

25க்கும் 45க்கும் இடையில் இருபதுதானே வேறுபாடு என்று தோன்றலாம். வேகத்தின் கணக்கு அப்படிப் போவதில்லை. ஒரு பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 25 இலிருந்து 45க்குப் போகும்போது மோதலின் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேலாகிறது. வேறொரு விதமாகச் சொன்னால், 25 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வீட்டுப் பரணிலிருந்து விழுவதைப் போன்றது. 45 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது எட்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது மாடி வீட்டின் மொட்டை மாடியையும் தாண்டிய உயரம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பிள்ளை ஏறி நின்றால் பதறியோடும் நாம்தான், அதைவிட உயரமான ஓரிடத்தில் அவளை நாள்தோறும் இருமுறை ஏற்றி அனுப்புகிறோம்.

நிறுத்தும் தூரத்தையும் பார்த்துவிடுவோம். தெருமுனையிலிருந்து ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். 25 இல் வரும் வண்டி அந்த ஒரு வினாடியில் 7 மீட்டர் நகர்ந்திருக்கும். நல்ல பிரேக் என்றால் மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 12 மீட்டர். 45 இல் வரும் வண்டி அதே ஒரு வினாடியில் பன்னிரண்டரை மீட்டரைக் கடந்துவிடும். அதாவது, மெதுவாக வந்த வண்டி முழுமையாக நின்றுவிட்ட இடத்தில், இந்த வண்டியை ஓட்டுபவர் இப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறார். குழந்தை நிற்பது அந்த இடத்தில்தான். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மேலப்பாளையத்திலும் நாம் வாழும் தெருக்களின் அகலத்தை எண்ணிப் பாருங்கள். மக்தப் விடும் நேரத்தில் அந்தத் தெருக்களில் எத்தனை குழந்தைகள் கிதாபை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்தக் கணக்குக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படாது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022 இல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவற்றில் பத்தில் ஏழு இறப்புகளுக்கு அதிவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

இத்தனை ஆபத்தையும் விலையாகக் கொடுத்து நாம் பெறுவது என்ன? பிள்ளையின் பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். வழியில் ஒரு தடங்கலும் இல்லாமல் 25 இல் போனால் ஒன்பதரை நிமிடம் ஆகும். 45 இல் போனால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். மிச்சமாவது நான்கே நிமிடம். சிக்னலும் வேகத்தடையும் கடைவீதி நெரிசலும் சேர்ந்தால் அதிலும் பாதி கரைந்துவிடும். சுப்ஹுக்குப் பின் படுக்கையில் புரளும் நேரத்தில் இதைவிடப் பல மடங்கு போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் பெற்றோர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இங்கே சிக்குவது பிள்ளை மட்டுமன்று. வேக வரம்பு நீங்கிய அந்த நொடியிலேயே வண்டி தன் விலக்கை இழந்து மோட்டார் வாகனமாகிவிடுகிறது. இனி அது பதிவு செய்யப்படாத வாகனம். காப்பீடு இல்லாத வாகனம். அதை ஓட்டும் பிள்ளை உரிமம் இல்லாத ஓட்டுநர். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றும் உரிமையாளருக்கு, 2019 திருத்தத்துக்குப் பின் ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விற்பனையாளரே அவ்வாறு மாற்றிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறையும், வண்டிக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2022 இல் மகாராஷ்டிரத்திலும் 2023 இல் கேரளத்திலும் போக்குவரத்துத் துறையினர் மின் ஸ்கூட்டர் கடைகளில் சோதனை நடத்தியது இதன் பொருட்டே.

இவற்றைவிடக் கடுமையானது அச்சட்டத்தின் 199ஏ பிரிவு. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் குற்றம் இழைத்தால், அவருடைய பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது நிரம்பும் வரை ஓட்டுநர் உரிமமோ பழகுநர் உரிமமோ கிடைக்காது. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நிரூபித்தால் பாதுகாவலருக்கு விடுதலை உண்டு என்று அதே பிரிவு வழிவிடுகிறது. ஆனால் மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், கூலியும் கொடுத்து, வரம்பை அவிழ்த்துத் தரச் சொன்ன தந்தை எந்த வாயால் அதைச் சொல்வார்?

விபத்து நேர்ந்து ஒருவர் காயமுற்றால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். காப்பீடு இல்லாத வண்டிக்கு வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள். கை கால் இழந்தவரின் எஞ்சிய வாழ்நாள் வருமானம் கணக்கிடப்படும் அந்தத் தொகை, வண்டியின் விலையைப் போலப் பல மடங்காக இருக்கலாம். வீட்டை விற்றுக் கொடுக்க நேரும்.

இது அரசாங்கத்தின் சட்டம்தானே, மார்க்கத்தில் இதற்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1993 ஜூனில் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தனது எட்டாவது அமர்வில் சாலை விபத்துகள் குறித்துத் தனியாக ஒரு தீர்மானமே நிறைவேற்றியது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பேணி நடப்பது மார்க்க அடிப்படையிலேயே கடமையாகும் என்பதும், வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிர்ச்சேதத்துக்கும் பொருட்சேதத்துக்கும் ஓட்டுபவரே பொறுப்பாளி என்பதும் அதன் சாரம். தடுக்கவே இயலாத நிகழ்வு, பாதிக்கப்பட்டவரின் சொந்தச் செயல், மூன்றாமவரின் தவறு ஆகியவை மட்டுமே அதில் விலக்குகள். பிரேக்குக்குப் பொருந்தாத வேகத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டவர் இம்மூன்றில் எதில் அடங்குவார்? பழைய ஃபிக்ஹு நூல்களில், சவாரி செய்பவரின் மிருகம் மிதித்ததற்கும் உதைத்ததற்கும் யார் ஈடு செய்வது என்று இமாம்கள் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். வாகனம் மாறியிருக்கிறது, கேள்வி அதேதான்.

சூரா அந்நிஸாவின் 92 ஆம் வசனத்தை நம்மில் பலர் ஓதியிருப்போம். ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றவருக்கு அதில் சொல்லப்பட்டிருப்பவை இரண்டு. ஒன்று, இறந்தவரின் குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி அவர்களுக்குச் செலுத்த வேண்டிய தியத். மற்றொன்று, அடிமையை விடுதலை செய்வது. அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ச்சியாக நோன்பு நோற்பது. பருவமடையாத பிள்ளை ஓட்டியிருந்தால் யார் மீது எது கடமை என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. வேண்டுமென்றே செய்யாத கொலைக்கே அவ்வளவு கனமான பரிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் விடுவித்தாலும், எதிர்த் தரப்பு மன்னித்தாலும், அந்த அறுபது நாள் நோன்பு அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் நிற்கிறது. சாலையில் ஒருவரைச் சாகடித்துவிட்டு, இப்படியொரு கடமை இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும்.

வேகத்தையே மார்க்கம் வெறுக்கிறது என்று இங்கே யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அந்தச் செய்தியில் நம் கண்ணில் படாமல் போகும் ஒரு நுட்பம் உண்டு. பயிற்சியளித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட ஓட்டம் வைத்தார்கள். அது ஐந்தாறு மைல். பயிற்சியளிக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரே மைல்தான். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரீயில் பதிவாகியிருக்கும் செய்தி இது. எந்த வாகனம் எவ்வளவைத் தாங்குமோ அவ்வளவே அதன்மீது வைக்கப்பட்டது. 25க்கென்று செய்த வண்டியை 45க்கு விரட்டுவது, அந்தப் பயிற்சியற்ற குதிரையை ஆறு மைல் ஓட்டுவதைப் போன்றது. குதிரைக்காவது களைத்தால் நின்றுவிடும் அறிவு உண்டு. டிரம் பிரேக்குக்கு அது கிடையாது.

அரஃபாவிலிருந்து திரும்பும் பயணத்தைப் பற்றிய இரண்டு அறிவிப்புகளும் இங்கே நினைவுக்கு வருகின்றன. பின்னால் ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டும் ஓசை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தம் சாட்டையால் மக்களுக்குச் சைகை செய்து, அமைதியைக் கைக்கொள்ளுமாறும், விரட்டிச் செல்வதில் நன்மை இல்லை என்றும் உணர்த்தினார்கள். அது ஹஜ்ஜின் கடமைகளுக்கிடையே உண்டான அவசரம்; அதற்கே இந்தக் கண்டிப்பு. உஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியோ, அன்று நபியவர்கள் கூட்டத்தில் மிதமாகச் சென்றதையும், இடைவெளி கிடைத்த இடத்தில் சற்று விரைவுபடுத்தியதையும் சொல்கிறது. இடமறிந்து ஓட்டுவது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. இகாமத் சொல்லக் கேட்டாலும் ஓடி வராதீர்கள், நிதானமாக வாருங்கள் என்ற கட்டளையை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசல் தெருவில் வண்டிகள் வரும் வரத்தைப் பார்த்தால், அது கால்நடையாக வருபவர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டது என்று நினைத்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. ரமழானில் இஃப்தாருக்கு முந்தைய கால் மணி நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் எதிராக ஒரு நேர்மையான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. அகலமான நெடுஞ்சாலையில் பேருந்தும் லாரியும் அறுபது, எழுபதில் பாயும்போது, 25 இல் ஊர்ந்து செல்லும் சின்ன வண்டிதான் ஆபத்தில் இருக்கிறது என்கிறார்கள். இது உண்மை. வேகங்களுக்கிடையே உள்ள இடைவெளி பெரிதாக ஆக, பின்னால் வருபவர் மோதும் வாய்ப்பும் பெரிதாகிறது. மகள் லாரிக்கு முன்னால் மெதுவாகப் போவதைப் பார்த்துவிட்டு வந்த தந்தையின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை; வரம்பை அவிழ்ப்பவர்களில் சிலர் அந்தக் கவலையால்தான் அவிழ்க்கிறார்கள்.

ஆயினும் அந்த வாதம் எங்கே கொண்டு சேர்க்கிறது என்று பாருங்கள். 25 போதாது என்றால் 45 போதுமா? எழுபதில் வரும் லாரிக்கு அதுவும் மெதுவான வண்டியே. இடைவெளி முழுமையாக மூடவில்லை; பிரேக்கின் போதாமை மட்டும் கூடியிருக்கிறது. அந்தச் சாலை இந்த வண்டிக்குரியதன்று என்பதே அந்த வாதத்தின் நேரான முடிவு. ஊர்த் தெருக்களுக்கும் சிறிய சாலைகளுக்கும் இந்த வண்டி போதும். நெடுஞ்சாலையைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றால், அந்தத் தூரத்துக்கு உரிமமில்லாத பிள்ளையிடம் எந்த வண்டியையும் கொடுக்காமல் பள்ளிப் பேருந்தில் அனுப்புவதே முறை. பெரியவர்களுக்கு அந்தத் தேவை இருந்தால், பதிவு எண்ணும் வலுவான பிரேக்கும் கொண்ட மின் ஸ்கூட்டர்கள் கடையில் இருக்கின்றன. விலை கூடுதல்தான். அந்தக் கூடுதல் விலையில் ஒரு பகுதி பிரேக்குக்கும் சட்டத்துக்கும் கொடுக்கும் விலை என்பதை மறந்துவிடுகிறோம்.

பிரான்சில் குடியேறிய காரைக்கால், புதுச்சேரி உறவினர்கள் உள்ள குடும்பங்களுக்கு இந்த விவகாரம் வேறொரு வடிவில் தெரிந்திருக்கும். அங்கே 50 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரை அதற்குரிய உரிமத்துடன் 14 வயதிலேயே ஓட்டலாம். ஆனால் வண்டி 45 கிலோமீட்டருக்கு மேல் போகாதவாறு ஆலையிலேயே கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அங்கேயும் பையன்கள் பெல்ட் கப்பியில் உள்ள சிறு வளையத்தைக் கழற்றியோ புகைக்குழாயை மாற்றியோ அதை அவிழ்க்கிறார்கள். அங்கேயும் அது குற்றம். அங்கே பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் செய்வதை இங்கே பெற்றோர்களே கூட்டிச் சென்று செய்து கொடுக்கிறோம்.

மெக்கானிக் வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். வாடிக்கையாளர் கேட்டார், செய்து கொடுத்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. அறிஞர்கள் அதிலிருந்து எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் ஒரு விதியை எடுத்திருக்கிறார்கள். கன்ட்ரோலரைத் திறக்கத் தெரிந்தவருக்கு, அந்த வேகத்தில் அந்த பிரேக் நிற்குமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் செய்தால் நிலைமை இன்னும் மோசம். அதேபோல், வரம்பை அவிழ்த்த வண்டியைச் சில மாதம் ஓட்டிவிட்டு, அதைச் சொல்லாமல் வேறொருவருக்கு விற்பவர்கள், தானியக் குவியலுக்குள் கையை விட்டு நபி (ஸல்) அவர்கள் ஈரத்தைக் கண்ட சம்பவத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். வாங்கிய ஏழைக் குடும்பம் அதை 25 இல் ஓடும் வண்டி என்று நம்பித்தான் பிள்ளையிடம் கொடுக்கும்.

வீட்டில் இத்தகைய வண்டி இருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியவை சில. பிரித்த கம்பியை மீண்டும் இணைப்பது, பிரித்த நேரத்தைவிட அதிகம் பிடிக்காது. கன்ட்ரோலரை மாற்றியிருந்தால் பழையதையே மாட்டச் சொல்லுங்கள். கூடுதல் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் அணியாமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம். மக்கனாவுக்கு மேல் ஹெல்மெட் பொருந்தவில்லை என்பவர்கள், மெல்லிய துணியில் உள்மக்கனா ஒன்றை அணிந்து, ஓர் அளவு பெரிய ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்து வாங்கலாம். ஆனால் ஆட்டமில்லாமல் இறுகப் பொருந்தினால்தான் அது ஹெல்மெட். பர்தாவின் கீழ்முனையும் துப்பட்டாவின் நுனியும் பின்சக்கரத்தில் சிக்காதபடி மடித்து அமர்வதையும், பின்சக்கரத்துக்குத் தடுப்பு வைப்பதையும் மகளுக்கும் மனைவிக்கும் நீங்களே முன்னின்று காட்டிக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் சொல்வதை மட்டும் நம்பித் திரும்பிவிட வேண்டாம். மலிவான வண்டிகளின் மீட்டர் சரியான வேகத்தைக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை. இஷாவுக்குப் பின் ஆளில்லாத நேரான சாலை ஒன்றில், பெரியவர் ஒருவர் ஹெல்மெட்டுடன் கைப்பிடியை முழுவதும் முறுக்கி ஓட்டட்டும். பின்னால் அமர்ந்திருப்பவர் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் வேகத்தைப் பார்க்கட்டும். அது 25ஐத் தாண்டிப் போனால், மறுநாள் காலையில் வண்டியைப் பிள்ளையிடம் கொடுக்காமல் அதே கடைக்குத் திரும்பக் கொண்டு செல்லுங்கள்.